குதிரை எத்தனைன்னு கேக்காதீங்க, எடை எவ்வளவுன்னு கேளுங்க

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி. மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். புத்தகத்தைத் திறந்து வச்சுட்டு ஃபேனைப் பாத்துட்டு இருந்தப்போ பெரியப்பா பையன்கிட்ட இருந்து போன். அண்ணன் சென்னையில ஐ.டி. வேலையில இருக்காரு.

"டேய், நாலு லட்சம் சேத்துட்டேன். சனி ஞாயிறு ஜாலியா ஓட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன். செகண்ட் ஹேண்ட்தான். ஒரு ஜெர்மன் டீசல் செடான் சரியா நாலு லட்சத்துக்கு வருது. 184 குதிரைடா! உங்க வீட்டு அட்ரஸ்ல பிஒய் நம்பருக்கு மாத்திடலாம்னு பாக்குறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் உங்க ஏரியாலதானே இருக்கு?"

ஆமாங்க, எங்க ஏரியாலதான் இருக்கு. முதலியார்பேட்டை 100 அடி ரோட்டுல. நடந்தே போயிடலாம். ஆனா அண்ணன் ஒரே மூச்சில நாலு தப்பு பண்ணிட்டாரு. ஒண்ணு, செடானை ஸ்போர்ட்ஸ் கார்ன்னு சொன்னது. ரெண்டு, குதிரைக் கணக்குல மயங்கினது. மூணு, இருக்கிற நாலு லட்சத்தையும் காருக்கே கொட்டலாம்னு நெனச்சது. நாலு, எங்க வீட்டு அட்ரஸ்!

போன்ல பேசினா நான் சொல்றது எடுபடாது. வயசுல சின்னவன், சொந்தமா கார் கிடையாது, அப்பாவோட பைக்தான். அதனால எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். இன்டர்னல் எப்படிப் போச்சுன்னு யாரும் கேக்காதீங்க.

தப்பு 1: எது ஸ்போர்ட்ஸ் கார்?

நம்ம ஊர்ல ஸ்போர்ட்ஸ் கார்னா ரெண்டு அர்த்தம்தான். ஒண்ணு, சினிமாவுல வர்ற மஞ்சக் கலர் லம்போர்கினி. இன்னொண்ணு, பின்னாடி ஸ்பாய்லர் வச்சு சைலன்சரை அறுத்துவிட்ட எந்தக் காரும். ரெண்டுமே நமக்கு வேண்டாம்.

வார இறுதியில சும்மா சந்தோஷத்துக்கு ஓட்டுற கார்னு உலகத்துல ஒரு தனி ஜாதியே இருக்கு. 1989-ல ஜப்பான்காரன் மாஸ்டா எம்.எக்ஸ்-5-ன்னு ஒண்ணை விட்டான். ரெண்டு சீட்டு, மேல துணிக் கூரை, 1600 சி.சி. எஞ்சின், 115 குதிரை, எடை ஒரு டன்னுக்கும் கம்மி. ரேஸ்ல ஜெயிக்கிறதுக்காகப் பண்ணின கார் இல்லைங்க அது. ஓட்டுறவனும் காரும் ஒண்ணா இருக்கணும், குதிரையும் குதிரைக்காரனும் மாதிரி. அவ்வளவுதான் அதோட கொள்கை. ஜப்பானிய மொழியில அதுக்கு 'ஜின்பா இட்டாய்'னு பேர் வச்சானுங்க. 2016-ல பத்து லட்சமாவது கார் வெளிய வந்துச்சு. உலகத்துலயே அதிகமா வித்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். இங்கிலாந்துல லோட்டஸ் கம்பெனி 1996-ல எலீஸ்னு ஒண்ணை விட்டப்போ அதுல 118 குதிரை, எடை முக்கா டன்னுக்கும் கம்மி.

இது ரெண்டுல எதுலயும் 184 குதிரை கிடையாது. எடை கம்மியா இருந்துச்சு. விஷயமே அவ்வளவுதான்.

"சரி, அப்ப மியாட்டாவையே வாங்கலாமே"ன்னு கேப்பீங்க. மாஸ்டா இங்க அதை வித்ததே இல்ல. பழசை இறக்குமதி பண்ணலாம்னா, தயாரிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆன பழைய கார் உள்ள வரக்கூடாதுன்னு விதி. அதுக்கு மேல கார் விலையை விடப் பெரிய சுங்கவரி. ஆக அந்தக் கதவு மூடியாச்சு.

நம்ம நாட்டுலயும் ஒரு முயற்சி நடந்துச்சு, தெரியுமா? 1998-ல சான் ஸ்டார்ம்னு ஒரு ரெண்டு சீட்டு கார். ரயில் எஞ்சின் செய்யுற பெங்களூர் கம்பெனியோட தயாரிப்பு. பாடி ஃபைபர்கிளாஸ். எஞ்சின் ரெனோவோட 1149 சி.சி., வெறும் 60 குதிரை. பிரெஞ்சு எஞ்சின் போட்ட இந்திய ஸ்போர்ட்ஸ் கார்! பாண்டிச்சேரிக்காரனுக்குப் பொருத்தமா வேற எது கிடைக்கும்? ஆனா விலைக்கு வந்தா ஆசைப்பட்டு வாங்கிடாதீங்க. ரொம்பக் கொஞ்சம் கார்தான் ஓடிச்சு. ஒரு கண்ணாடி ஒடைஞ்சா மாத்துறதுக்கு ஊர் ஊரா அலையணும்.

அதை விடப் பெரிய கதை நம்ம கோயம்புத்தூர்ல நடந்திருக்கு. எஸ்.கரிவரதன்னு ஒருத்தர். மாருதி 800-ஓட 796 சி.சி. எஞ்சினை எடுத்து ஒல்லியா ஒரு ஒத்தை சீட்டு ரேஸ் கார்ல வச்சாரு. 1988-ல வந்த ஃபார்முலா மாருதி. காய்கறி வாங்கப் போற காரோட மூணு சிலிண்டர் எஞ்சின். 2005-ல எஃப்1-க்குப் போன நரேன் கார்த்திகேயனோட முதல் ரேஸ் இந்த ஃபார்முலா மாருதியிலதான், ஸ்ரீபெரும்புதூர்ல. கரிவரதன் 1995-ல விமான விபத்துல இறந்துட்டாரு. 2003-ல கோவை செட்டிப்பாளையத்துல திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு.

அவருக்குப் பெரிய எஞ்சின் கிடைக்கல. கிடைச்ச சின்ன எஞ்சினுக்கு ஏத்த மாதிரி எடையைக் குறைச்சாரு. அண்ணா, உனக்கும் நான் சொல்ல வர்றது இதான்.

தப்பு 2: குதிரைக் கணக்கு

வாங்க, கால்குலேட்டரை எடுப்போம். குதிரைசக்தியை எடையால வகுத்து, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைன்னு பாக்கணும். கொடுக்குற எடை எல்லாமே தோராயம், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

மாருதி ஜென், எம்.பி.எஃப்.ஐ.: 60 குதிரை, 765 கிலோ. டன்னுக்கு 78.
மாருதி எஸ்டீம், எம்.பி.எஃப்.ஐ.: 85 குதிரை, 875 கிலோ. டன்னுக்கு 97.
2018 ஸ்விஃப்ட் பெட்ரோல்: 83 குதிரை, 865 கிலோ. டன்னுக்கு 96.
இப்ப எல்லாரும் வாங்குற ஒரு டர்போ குட்டி எஸ்.யூ.வி.: 120 குதிரை, 1200 கிலோ. டன்னுக்கு 100.
அண்ணனோட ஜெர்மன் செடான்: 184 குதிரை, 1500 கிலோ. டன்னுக்கு 123.

பாத்தீங்களா? 2007-லயே தயாரிப்பை நிறுத்தின, தாத்தா கார்னு எல்லாரும் சிரிக்கிற எஸ்டீமும், பதினஞ்சு லட்சம் குடுத்து வாங்குற டர்போ எஸ்.யூ.வி.யும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஜெர்மன்காரன் முன்னாடி இருக்கான், இல்லைங்கல. ஆனா குதிரை ரெண்டு மடங்குக்கும் மேல, பலன் கால்வாசி கூட. மீதிக் குதிரையெல்லாம் எங்க போச்சு? தன்னோட எடையையே சுமந்துட்டு இருக்கு.

இதுவும் நேரா போறப்ப மட்டும்தான். பிரேக் புடிக்கிறப்ப என்ன ஆகுதுன்னு யோசிங்க. பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ்தான். ஒரே வேகத்துல 1500 கிலோவை நிறுத்துறப்போ, 875 கிலோவை நிறுத்துறதை விட 1.7 மடங்கு சூடு பிரேக்ல இறங்குது. வளைவுல திரும்புறப்ப அவ்வளவு எடையையும் அந்த நாலு டயர்தான் இழுத்துப் புடிக்கணும். அதனாலதான் கனமான காருக்கு அகலமான டயர், பெரிய டிஸ்க், தடிமனான சஸ்பென்ஷன். ஒவ்வொண்ணும் காசு, ஒவ்வொண்ணும் இன்னும் கொஞ்சம் எடை.

சந்தோஷம்னு ஒண்ணு இருக்கே, அது எங்கேர்ந்து வருது? பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய ஜென்ல மணிக்கு 50-ல ஒரு வளைவு எடுத்துப் பாருங்க. ரோட்டுல கிடக்கிற சின்னக் கல்லு கூட கைக்குத் தெரியும். ரெண்டாவது கியர்ல கடைசி வரைக்கும் எஞ்சினைக் கத்தவிட்டாலும் போலீஸ் புடிக்கிற வேகம் வராது. அந்த ஜெர்மன் செடான்ல அதே சந்தோஷம் வரணும்னா 140 போகணும். நம்ம ரோட்டுல 140 போனா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

தப்பு 3: நாலு லட்சம்

இங்கதான் காமர்ஸ் படிக்கிறவன் வாயைத் திறக்கணும்.

நாப்பது லட்சம் ரூபா காரு பதினஞ்சு வருஷத்துல நாலு லட்சத்துக்கு வருது. தேய்மானம் நமக்கு சாதகம்னு தோணும். ஆனா தேஞ்சது காரோட சந்தை விலை மட்டும்தாங்க. ஸ்பேர் பார்ட்ஸ் விலை தேயல. அது இன்னமும் நாப்பது லட்சம் ரூபா காரோட ஸ்பேர் பார்ட்ஸ்தான். மெக்கானிக் கூலியும் அந்தக் கணக்குலதான். முதல் ஓனர் ஏன் விக்கிறாரு? அவருக்குக் கணக்குத் தெரியும். நீங்க வாங்குறது சொத்து இல்ல, அவர் கழட்டிவிடுற ஒரு பொறுப்பு. பேலன்ஸ் ஷீட்ல அது இடது பக்கமா வலது பக்கமான்னு எங்க சார் கேட்டா நான் தைரியமா சொல்லுவேன்.

இன்ஷூரன்சைப் பாருங்க. 2022 ஜூன்ல நிர்ணயிச்ச மூணாம் நபர் பிரீமியம்: 1000 சி.சி.க்குள்ள 2,094 ரூபா, 1000-லேர்ந்து 1500 வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897. ஜி.எஸ்.டி. தனி. ஜென்னு முதல் தட்டு. எஸ்டீமும் ஸ்விஃப்ட்டும் ரெண்டாவது. செடான் மூணாவது. மாசத்துல நாலு நாள் ஓட்டுற காருக்கு வருஷம் முழுக்கக் கட்டணும், ஞாபகம் வச்சுக்குங்க.

என் கணக்கு இதுதான்: பாதி காருக்கு, பாதி காரோட உடம்புக்கு. நாலு லட்சம் இருந்தா ரெண்டு லட்சத்துக்குள்ள கார் பாருங்க. மீதியில டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ், டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், எல்லாத்தையும் புதுசாக்குங்க. மிச்சம் இருக்கிறதை பேங்க்ல போடுங்க. முழு நாலையும் காருக்கே குடுத்தவன் முதல் ரிப்பேர் வர்ற அன்னிக்கே அதை வித்துடுவான், அதுவும் நஷ்டத்துக்கு.

அரசாங்கம் மட்டும் இந்தச் சின்ன காருக்கு ஆதரவா இருக்குன்னு நெனச்சுடாதீங்க. 15 வருஷம் ஆனா காரை ஒடைச்சுடணும்னு வாட்ஸ்அப்ல வர்றது நம்ம ஊருக்குப் பொய். எஃப்.சி. காட்டி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். ஆனா அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலேர்ந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷத்தைத் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க (டெல்லிப் பகுதிக்கு மட்டும் இது இல்ல). டீலர்கிட்ட வாங்குற பழைய சின்ன கார்ல, அவரோட லாபத்து மேல 12 சதவீதமா இருந்த ஜி.எஸ்.டி.யும் 2025 ஜனவரியிலேர்ந்து பெரிய கார் மாதிரியே 18 ஆயிடுச்சு. தனி ஆள்கிட்ட நேரா வாங்கினா அது கிடையாது.

பழைய கார் புகை விடும், சரி. அதுக்குத்தான் புகைச் சோதனை இருக்கே? 765 கிலோ ஜென் வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுறதுக்கும், ரெண்டு டன் எஸ்.யூ.வி. ஒத்தை ஆளை வச்சுட்டு தினமும் நேரு வீதியில பார்க்கிங் தேடிச் சுத்துறதுக்கும் வித்தியாசம் இல்லையா? வயசைப் பாக்குறாங்க, எடையைப் பாக்குறதே இல்ல. எனக்கு இதுல கோபம்தான்.

தப்பு 4: எங்க வீட்டு அட்ரஸ்

இது அண்ணனுக்கு மட்டும் இல்ல. பாண்டிச்சேரியில ஒரு சொந்தக்காரன் இருக்கான்னு நெனச்சாலே "பிஒய் நம்பர் போட்டுடலாமா"ன்னு கேக்குற எல்லாருக்கும்.

இங்க வரி கம்மி, உண்மைதான். அதுக்குன்னு சென்னையில இருந்துக்கிட்டு முதலியார்பேட்டையில குடியிருக்கேன்னு எழுதித் தர முடியாது. 2017-ல கேரளாவுல என்ன நடந்துச்சு? சொகுசு கார்களைப் பாண்டிச்சேரி அட்ரஸ் போட்டுப் பதிஞ்சாங்கன்னு பெரிய சர்ச்சை. நடிகர்கள், அரசியல்வாதி வரைக்கும் வழக்கு. வண்டி பன்னண்டு மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல இருந்தா அங்க நம்பர் மாத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு சொல்லுது. அங்க வரியும் கட்டணும்.

இதுல மிச்சம் ஆகறதுதான் எவ்வளவு? பழைய காருக்கு ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாச்சு. அப்புறம் எதுக்கு இந்தத் திருட்டு வேலை? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா சம்மன் எங்க வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டு வாங்கப் போறது எங்க அம்மா. முடியாதுண்ணா. சொந்தக்காரன்னாலும் முடியாது.

அப்போ எதைத்தான் வாங்குறது?

என் பட்டியல்ல மூணே மூணு.

ஜென்: 1993-லேர்ந்து 2006 வரைக்கும். உடம்பு சின்னது, உயரம் கம்மி, உக்காந்தா ரோட்டுல உக்காந்த மாதிரி இருக்கும். எம்.பி.எஃப்.ஐ. மாடலா பாருங்க. கார்புரேட்டர் மெக்கானிக்குங்க கொறைஞ்சுட்டாங்க.

எஸ்டீம்: 1994-லேர்ந்து 2007. 1298 சி.சி., அலுமினியம் எஞ்சின். சோழவரம் காலம் போய் ஸ்ரீபெரும்புதூர் டிராக் வந்த பிறகு நம்ம ஊர் பசங்க ரேஸ் கத்துக்கிட்டதுல பாதி இந்தக் கார்லதான். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 ரேஸ் கார்லயும் மாருதியோட 1300 சி.சி. எஞ்சின்தான். நான் சிபாரிசு பண்றது இதைத்தான்.

2018-க்கு அப்புறம் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல்: நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் இழுக்கும், ஆனா ரெண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கு. 2005-ல வந்த முதல் ஸ்விஃப்ட் ஒரு டன்னு. இது அதை விட நூறு கிலோவுக்கு மேல கம்மி. புது கார் எல்லாம் குண்டாகிட்டே போற காலத்துல மெலிஞ்ச கார். வீட்டுக்கு வேற கார் இல்ல, இதுலதான் அம்மா அப்பாவையும் கூட்டிட்டுப் போகணும்னா இதைத் தவிர வேற எதையும் யோசிக்காதீங்க. "பாதி காருக்கு, பாதி உடம்புக்கு"ன்னு சொன்னதை இந்த ஒண்ணுக்கு மட்டும் தளர்த்திக்கலாம். உடம்புல வேலை கம்மி.

பாக்கப் போறப்போ கவனிக்க வேண்டியது:

1. துரு. நம்மளது கடற்கரை ஊரு. உப்புக்காத்து இரும்பைத் தின்னும். ஃபுட்மேட்டைத் தூக்குங்க, டிக்கியில ஸ்டெப்னியை எடுத்துட்டு அடியில பாருங்க, கதவுக்குக் கீழ விரலால தட்டுங்க. பட்டி பூசின இடத்துல காந்தம் ஒட்டாது. எஞ்சினை மாத்தலாம், அரிச்சுப் போன பாடியை மாத்த முடியாது.

2. வெள்ளம். 2015 டிசம்பர்ல சென்னை, 2023 டிசம்பர்ல மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில ஃபெங்கல். ஃபெங்கல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. முழுகின கார் எல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? கழுவி, சென்ட் அடிச்சு, வித்துட்டு இருக்காங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சேத்துக் கறை கோடு இருந்தா அப்படியே கெளம்பி வந்துடுங்க. சீட்டுக்கு அடியில தண்டவாளம் துருப்பிடிச்சிருந்தாலும் அதேதான்.

3. "மாடிஃபைட்" கார். சைலன்சர், ஹெட்லைட், அகல வீல், எல்லாம் மாத்தி "ஒரு லட்சம் செலவு பண்ணியிருக்கேன் ப்ரோ"ன்னு ஒருத்தன் வருவான். கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சட்டத்துல 52-வது பிரிவு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிடுச்சு. அவன் செலவு பண்ணின லட்சத்தை நீங்க எஃப்.சி.க்குப் போறப்போ கழட்டி வைக்கணும்.

4. காகிதம். ஃபாரம் 29, 30 ரெண்டும். வேற மாநில வண்டின்னா என்.ஓ.சி.க்கு ஃபாரம் 28. லோன் இருந்திருந்தா எச்.பி. கேன்சல் ஆன ஃபாரம் 35. "அப்புறம் மாத்திக்கலாம்"னு புரோக்கர் சொன்னா நம்பாதீங்க. வாங்குனவர் 30 நாளைக்குள்ள பேர் மாத்தக் குடுக்கணும்.

5. டயர். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-வது வருஷம் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி, கெழட்டு டயர் வேண்டாம்.

6. பெட்ரோல் ஹோஸ். இப்ப பங்க்ல ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் இதுக்குன்னு செஞ்சது இல்ல. வாங்கின முதல் வாரமே ஹோஸ், வாஷர் எல்லாம் மாத்திடுங்க. மாசக்கணக்குல ஃபுல் டேங்க் போட்டு நிறுத்தி வைக்காதீங்க.

"இடிச்சா அப்பளம் ஆயிடுமே தம்பி?"

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன். நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன்.

ஆமா, ஆயிடும். ஜென்லயும் எஸ்டீம்லயும் ஏர்பேக் கிடையாது. எல்லாக் காருக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனதே 2019 ஏப்ரல்ல. டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனது 2019 ஜூலை. ஸ்விஃப்ட் கூட குளோபல் என்கேப் சோதனையில 2018-ல ரெண்டு ஸ்டார், 2022-ல ஒரே ஸ்டார்தான். அந்த ஜெர்மன் செடான் இந்த விஷயத்துல பல மடங்கு மேல. இதுல வாதமே இல்ல.

அதனாலதான் சொல்றேன், லேசான காரு நெடுஞ்சாலைக்கான காரு இல்ல. அதோட சந்தோஷம் 60-க்குள்ளயே முடிஞ்சுடுது. வேகம் ரெண்டு மடங்கு ஆனா இடியோட சக்தி நாலு மடங்கு. 60-ல போற ஜென்னையும் 120-ல போற செடானையும் வச்சு எது பாதுகாப்புன்னு கேளுங்க. காருக்குள்ள இருக்கிறவனுக்கு மட்டும் இல்ல, ரோட்டைக் கடக்குறவங்களுக்கும் சேத்துக் கேளுங்க.

ஞாயித்துக்கிழமை விடிகாலையில ஈ.சி.ஆர்.ல நின்னு பாத்திருக்கீங்களா? சென்னையிலேர்ந்து வரிசையா வருவாங்க. காலாப்பட்டுல மீன் கூடையோட ரோட்டைத் தாண்ட ஒரு அம்மா நிக்குறாங்க. இவன் வர்ற வேகத்தை அவங்களால கணிக்கவே முடியாது. ஒரு கால் எடுத்து வைப்பாங்க, திரும்பப் பின்னாடி வைப்பாங்க. அந்தக் காருக்கு அஞ்சு ஸ்டாரா ஆறு ஸ்டாரான்னு அவங்களுக்கு என்ன? எங்க ஊருக்கு ஜாலிக்கு வர்றீங்க, சந்தோஷம். எங்க ரோட்டை ரேஸ் டிராக் ஆக்காதீங்க. நிஜமாவே வேகம் வேணும்னா ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில டிராக் இருக்கு, கோயம்புத்தூர்ல கரி இருக்கு. ஹெல்மெட் மாட்டிட்டு, காசு கட்டிட்டு, ஆம்புலன்ஸ் நிக்கிற இடத்துல ஓட்டுங்க.

மத்த நாள்ல? முதலியார்பேட்டையிலேர்ந்து அரியாங்குப்பம் பாலம் தாண்டி, தவளக்குப்பம், அப்படியே பாகூர் ஏரிப் பக்கம். ரோடு சின்னது, வளைவு நெறைய, மாடு வரும், நெல்லு காயப்போட்டிருப்பாங்க. 40-ல போனாலே ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையில இருக்கும். ஒரு நாள் முழுக்க இருந்தா செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியா ஏலகிரி. பதினாலு கொண்டை ஊசி வளைவு. 85 குதிரையை முழுசா உபயோகிச்சு ஏறலாம். 184-ல நூறு அங்க சும்மா தூங்கும்.

ஒண்ணு மட்டும். பீச் ரோட்டுல ஒரு ரவுண்டு காட்டலாம்னு நெனச்சா, சாயங்காலம் 6-லேர்ந்து காலையில 7.30 வரைக்கும் அங்க வண்டி விட மாட்டாங்க. நல்லதுதான். அங்க நடக்கணும்.

கடைசியா

இதையெல்லாம் சுருக்கி நேத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு மணி நேரம் பதிலே இல்ல. அப்புறம் ஒரு போட்டோ வந்துச்சு. நெல்லிக்குப்பத்துல ஒரு வாத்தியார் வீட்டு வாசல்ல வெள்ளை எஸ்டீம், 2004 மாடல், ஒரே ஓனர். கீழ ஒரே ஒரு வரி: "ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன், ரெடியா இரு. காந்தம் எடுத்துக்கோ."

ஃப்ரிட்ஜ் கதவுல அம்மா ஒட்டியிருந்த பிள்ளையாரைக் கழட்டி வச்சிருக்கேன். பின்னாடி காந்தம் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு.

பி.கு.: அந்தக் காரும் வெள்ளத்துல முழுகினதா இருந்தா வாங்காமலேயே திரும்பிடுவோம். இந்த விலைக்கு இன்னொரு எஸ்டீம் கிடைக்கும். சீட் பெல்ட்டை இழுத்துப் பாத்துட்டு என்ன ஆச்சுன்னு அடுத்த பதிவுல சொல்றேன். அட்ரஸ் பத்தி அண்ணன் அதுக்கப்புறம் வாயைத் திறக்கல, நானும் கேக்கல.